டேனா 35 பின் ஆக்சிலை பலப்படுத்துறதா, ஆக்சிலையே மாத்துறதா? (2000 செரோக்கி)

செரோக்கி_டென்வர் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. என்கிட்ட 2000-ஆம் வருஷ ஜீப் செரோக்கி (எக்ஸ்ஜே) இருக்கு. 4.0 லிட்டர் ஆறு சிலிண்டர், ஆட்டோமேட்டிக், 1,61,000 மைல் ஓடியிருக்கு. 3 இன்ச் தூக்கி 31 இன்ச் டயர் போட்டிருக்கேன். வார நாள்ல ஆபீஸுக்கும் பையனோட ஸ்கூலுக்கும் இதே வண்டிதான். மாசத்துக்கு ஒரு தடவை மலைப்பாதை, வருஷத்துல ரெண்டு தடவை யூட்டால இருக்கிற மோவாப் பாறைப்பாதை.

பிரச்சினை பின் ஆக்சில்ல. 55 மைல் வேகத்தைத் தொட்டதும் ஊளைச் சத்தம் ஆரம்பிக்குது. ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடுத்தா சத்தம் வேற மாதிரி ஆகுது. போன ஞாயித்துக்கிழமை பின்பக்கம் ஜாக்கி வச்சுத் தூக்கி, புரொப்பல்லர் ஷாஃப்டைக் கையால மேலும் கீழும் ஆட்டினேன். அது ஆக்சிலுக்குள்ள போய்ச் சேர்ற சின்ன கியர், அதாவது பினியன், கண்ணுக்குத் தெரியற அளவுக்கு ஆடுது. கவரைக் கழட்டினா ஆயிலுக்கு அடியில வெள்ளிப் பொடி. காந்தத்தை விட்டு எடுத்தா முள்ளு முள்ளா ஒட்டிக்கிட்டு வருது.

கவர் முட்டை வடிவம், ஆயில் ஊத்துற இடத்துல ரப்பர் அடைப்பான். பிரேக் பிடிச்சா சக்கரம் பூட்டிக்காம பாத்துக்கற ஏ.பி.எஸ். வேற வண்டியில இருக்கு. அதனால இது டேனா 35-தான், சந்தேகமே இல்ல. முன்னாடி டேனா 30. ரெண்டுலயும் ரேஷியோ 3.55, அதாவது சக்கரம் ஒரு சுத்து சுத்த பினியன் 3.55 சுத்து சுத்தணும்.

எனக்கு முன்னால மூணு வழி இருக்கு.

ஒண்ணு, இதே ஆக்சிலை வச்சுக்கிட்டு முனையில 30 பல் வெட்டின ஷாஃப்ட், ரெண்டு சக்கரத்தையும் சேர்ந்து சுத்த வைக்கிற லாக்கர், புது பேரிங், புது கிரௌன் பினியன் (உள்ள இருக்கிற பெரிய கியரும் சின்ன கியரும்) போடறது. ஒரு பட்டறையில கேட்டேன். லாக்கரோட கிட் 1,500 டாலர், மத்த சாமானும் கூலியும் 900, ஆக மொத்தம் 2,400-ன்னாங்க.

ரெண்டாவது, பழைய வண்டி யார்டுல 1999 செரோக்கியோட க்ரைஸ்லர் 8.25 ஆக்சில் கிடக்குது. 225 டாலர் கேக்கறாங்க. அதுவும் 3.55. அப்படியே போல்ட் போட்டு மாட்டிடலாம்னு படிச்சேன்.

மூணாவது, 1998 எக்ஸ்ப்ளோரரோட ஃபோர்டு 8.8. ஆக்சில் 250 டாலர்தான், ஆனா வெல்டிங் வேலை இருக்கு. எனக்கு வெல்டிங் தெரியாது.

சேர்த்து வச்சிருக்கிறது 2,500 டாலர். அடுத்த வருஷம் 33 இன்ச் டயருக்குப் போகணும்னு ஒரு ஆசையும் இருக்கு. இந்தப் பணத்தை ஒரே தடவை சரியா செலவு பண்ணணும். இதுல அடிபட்டவங்க சொல்லுங்க.


சிவப்புப்பாறை எழுதியது:

நான் கிராண்ட் ஜங்ஷன்ல இருக்கேன், என் வண்டி 1998 எக்ஸ்ஜே. நீங்க எழுதின மூணு வழியில ரெண்டை நான் வரிசையா செஞ்சு பார்த்தவன். அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

2011-ல மோவாப், சாண்ட் ஃபிளாட்ஸ்ல ஃபின்ஸ் அண்ட் திங்ஸ் பாதை. அங்க பாறை எப்படின்னு உங்களுக்குத் தெரியும். உப்புத்தாள் மாதிரி டயரைப் பிடிச்சுக்கும். மண்ணா இருந்தா சக்கரம் சுத்தித் தப்பிச்சிடும், அந்தப் பாறையில தப்பிக்க வழியே இல்ல. ஒரு ஏத்தத்துல வலது பின் சக்கரம் வெடிப்புல உக்காந்தது. நான் அவசரப்பட்டு மிதிச்சேன். துப்பாக்கி சுட்ட மாதிரி ஒரே ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தா சக்கரம் டிரம்மோட சேர்ந்து ஒரு சாண் வெளியே வந்து நிக்குது, கியர் ஆயில் சிவப்புப் பாறையில கறுப்பா வழியுது.

அது ஏன் வெளிய வந்ததுன்னா, இந்த ஆக்சில்ல சக்கரத்தைப் பிடிச்சு வச்சிருக்கிறது உள்ள டிஃபரன்ஷியல்ல ஷாஃப்ட் முனையில இருக்கிற ஒரு சின்ன சி-கிளிப்தான். ஷாஃப்ட் நடுவுல முறிஞ்சா வெளித்துண்டைப் பிடிக்க அப்புறம் எதுவுமே இல்ல. முறிஞ்ச முனையைக் கையில எடுத்துப் பார்த்தேன். பல்லெல்லாம் பிழிஞ்ச வேட்டி மாதிரி முறுக்கியிருந்தது. அன்னிக்கே முறியல, பல மாசமா முறுக்கிக்கிட்டே இருந்திருக்கு. கூட வந்தவர் ஊருக்குள்ள போய் பழைய ஷாஃப்ட் ஒண்ணு தேடி வாங்கிட்டு வர, மாட்டி முடிக்கும்போது இருட்டிடுச்சு.

அதுக்கப்புறம் நான் பண்ணினதைத்தான் நீங்க இப்ப பண்ணப் பாக்கறீங்க. 30 பல் ஷாஃப்ட், லாக்கர், எல்லாம் அதே ஹவுசிங்ல, அதாவது ஆக்சிலோட அதே வெளிக்கூட்டுல. உண்மையைச் சொல்லணும், ஷாஃப்ட் அதுக்கப்புறம் முறியவே இல்ல. ரெண்டு வருஷம் கழிச்சு கிரௌன்ல வரிசையா பல்லு போச்சு. டேனா 35-ல கிரௌன் விட்டம் 7.58 இன்ச். ஷாஃப்டை மாத்தினாலும் அது மாறாது, ஷாஃப்டைச் சுத்தியிருக்கிற ஆக்சில் குழாயும் மாறாது. கடைசியில ஃபோர்டு 8.8 போட்டேன். கிட்டுக்குக் கொடுத்த பணம் முழுக்க அந்த ஹவுசிங்கோட போச்சு. லாக்கரைக்கூட எடுத்து 8.8-ல போட முடியாது.

அதனால ஆக்சிலை யோசிக்கறதுக்கு முன்னால டயரை முடிவு பண்ணுங்க. உங்க வண்டிக்குக் கம்பெனி டயர் சுமார் 28.3 இன்ச். 33 போட்டா 3.55 ரேஷியோ 3.04 மாதிரி ஆயிடும். அந்தக் காலத்துல மேனுவல் எக்ஸ்ஜேவுக்குக் கொடுத்த 3.07-ஐ விடவும் மோசம், அதுவும் பெரிய டயரோட எடையைச் சுமந்துக்கிட்டு. பழைய இழுப்பு திரும்பணும்னா 4.10-க்கு மேல வேணும். நம்ம மலைக்கு 4.56 போடறவங்கதான் அதிகம். ரேஷியோ மாத்தினா முன்னாடியும் பின்னாடியும் சேர்த்தே மாத்தணும். ரெண்டும் வேற வேறயா வச்சு ஃபோர் வீல் போட்டா, முன்னாடிக்கும் பின்னாடிக்கும் சக்தியைப் பிரிச்சுக் கொடுக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸ் கதை முடிஞ்சது. இன்னொண்ணு, டேனா 30-ல கிரௌனைத் தாங்கற கேரியர் 3.55-க்கு வேற, 3.73-க்கும் அதுக்கு மேலயும் வேற. அதனால முன்னாடியும் கேரியரோ லாக்கரோ புதுசா வாங்கணும். 33 இன்ச் டயர்னு நீங்க எழுதினது நாலு டயரோட நிக்காது.

33-க்கு உறுதியாப் போறீங்கன்னா 8.8 போடுங்க, ரேஷியோவை அதுலயே மாத்துங்க. 31-லயே இருக்கப் போறீங்கன்னா 8.25 எடுத்து மாட்டிட்டு மிச்சப் பணத்தைக் கையில வச்சுக்கோங்க. எது ஆனாலும் அந்த 35-க்குள்ள 2,400 டாலரைப் போடாதீங்க. 31 டயரும் பொறுமையான காலும் இருந்தா அந்தக் கிட் பல வருஷம் உழைக்கும்தான், இல்லைன்னு சொல்லல. ஆனா உங்க ஆக்சில்ல பேரிங்கே போயிருக்கு. எப்படியும் பிரிக்கணும்னு ஆன பிறகு சின்ன கிரௌனுக்கே திரும்பக் காசு கொடுக்க வேண்டாம்.


பட்டறை_பீளமேடு எழுதியது:

கோயமுத்தூர்லிருந்து எழுதறனுங்க. உங்க செரோக்கியை நான் தொட்டதில்லைங்க, ஆனா லேத்துப் பட்டறையில முப்பது வருஷமா ஷாஃப்டும் ஹவுசிங்கும்தான் பாத்துட்டிருக்கேன். நம்மூர்ப் பழைய மஹிந்திரா ஜீப்புகள்ல பின் ஆக்சில் அதே டேனா குடும்பத்துல வந்ததுதானுங்க, வில்லிஸ் காலத்து டேனா 44. அதுல ஷாஃப்ட் முனை கூம்பா இருக்கும், ஹப்பை ஒரு சாவி, அதாவது காடிக்குள்ள உக்கார்ற சின்ன இரும்புத் துண்டுதான் பிடிச்சிருக்கும். நட்டு கொஞ்சம் தளர்ந்தாலும் சாவிக்காடி அகலமாகி, ஒருநாள் ஷாஃப்ட் சுத்தும், சக்கரம் நிக்கும். எஸ்டேட்ல ஓடற ஜீப் ஒண்ணுக்கு மூணு தடவை சாவி போச்சுங்க. அவங்க கேட்டாங்கன்னு கெட்டியான சாவி, புது ஷாஃப்ட், புது ஹப் எல்லாம் போட்டுக் கொடுத்தேன். அடுத்த மழைக்காலத்துல யுனிவர்சல் ஜாயின்ட் போச்சு. அதையும் பெருசா மாத்தினாங்க. அப்புறம் பினியன் போச்சு. சாவி போனா அரை மணி நேர வேலைங்க. பினியன் போனா வண்டி நாலு நாள் மலையிலயே கிடந்துச்சு.

எது உடைஞ்சா வழியிலயே மாத்த முடியுமோ அது முதல்ல உடையட்டும்னு விடுங்க. புரொப்பல்லர் ஷாஃப்டோட யுனிவர்சல் ஜாயின்ட் அதுக்குத் தோதான இடம். ஒரு ஜாயின்ட்டும் கழட்டற சாமானும் வண்டியிலயே கிடக்கட்டும்.

ஷாஃப்ட் கணக்கு ஒண்ணு சொல்றேன். முறுக்கைத் தாங்கற பலம் விட்டத்தோட மும்மடிக்கு ஏறும். டேனா 35-ல 27 பல், 1.18 இன்ச். எக்ஸ்ப்ளோரர் 8.8-ல 31 பல், 1.32 இன்ச். பார்வைக்கு ஒரு நூல் தடிமன்தான் கூட, ஆனா கணக்குப் போட்டா நூத்துக்கு நாப்பது பங்கு பலம் ஏறுதுங்க, ரெண்டும் ஒரே இரும்புன்னு வச்சுக்கிட்டா.

இப்ப வெல்டிங். 8.8-ல நடுப்பகுதி வார்ப்பு. குழாயை அதுக்குள்ள அடிச்சு இறக்கி, ஓட்டையில ரெண்டு பொட்டு வெல்டு வச்சிருப்பாங்க. பெரிய டயர் போட்டு மிதிச்சா குழாய் அதுக்குள்ளயே சுத்திப்போகும். அதைச் சுத்திவர வெல்டு வைக்கணும்னா வார்ப்பைச் சூடு பண்ணி, நிக்கல் ராடுல கொஞ்சம் கொஞ்சமா வச்சு, துணி போர்த்தி மெதுவா ஆற விடணும். ஒரே மூச்சுல சுத்திவர இழுத்தா குழாய் வளைஞ்சிரும். வளைஞ்சது கண்ணுக்குத் தெரியாது, மாசாமாசம் ஆயில் சீல் போகும்போதுதான் தெரியும்.

எக்ஸ்ப்ளோரர்ல ஸ்பிரிங் ஆக்சிலுக்கு அடியில வரும், உங்க வண்டியில மேல உக்காரும். அதனால பழைய ஸ்பிரிங் தாங்கியை வெட்டி எறிஞ்சிட்டு புதுசை மேல்பக்கம் வைக்கணும். அதை முழுசா வெல்டு வச்சிட்டு அப்புறம் மாட்டாதீங்க. முதல்ல தாங்கி மேல சும்மா உக்கார வச்சு, வண்டியை நாலு டயர்லயும் இறக்கி, எடை முழுக்க இறங்கின பிறகு பினியன் கோணத்தைப் பாத்து ஒரு பொட்டு வையுங்க. சாதாரண ரெண்டு ஜாயின்ட் ஷாஃப்டா இருந்தா பினியனும் டிரான்ஸ்ஃபர் கேஸ் வெளித்தண்டும் ஒரே சாய்மானத்துல இருக்கோணும். மேல்பக்கம் இரட்டை ஜாயின்ட் இருந்தா பினியன் டிரான்ஸ்ஃபர் கேஸைப் பார்த்து நிக்கோணும். இதுல தப்பு விட்டா புது ஆக்சில் போட்டும் அதிர்வு போகாதுங்க.

உங்களுக்கு வெல்டிங் தெரியாதுன்னு எழுதியிருக்கீங்க. கத்துக்கறதுக்கு நல்ல வேலைதான், ஆனா பையனை ஏத்திட்டு ஸ்கூலுக்குப் போற வண்டியோட ஸ்பிரிங் தாங்கியில கத்துக்காதீங்க.


செரோக்கி_டென்வர் எழுதியது:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. சிவப்புப்பாறை அண்ணா, கிட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போறதுக்கு முந்தின நாள் உங்க பதிலைப் படிச்சேன். கொடுக்கல.

ஒரு கவலை பாக்கி இருக்கு. யார்டுல கிடக்கிற 8.25-ல ஏ.பி.எஸ். சென்சாருக்கு இடமே இல்ல. டிசம்பர்ல ஐ-70 ஹைவேல பனியில இதே வண்டியில குடும்பத்தோட போறவன் நான். ஏ.பி.எஸ். போறதை எப்படி எடுத்துக்கறது?


ஃபீனிக்ஸ்_வெயில் எழுதியது:

நான் ஃபீனிக்ஸ்ல என் 2001 எக்ஸ்ஜேல இதே வேலையை வீட்டு வாசல்லயே செஞ்சேன். டேனா 35-ஐக் கழட்டிட்டு 8.25. எனக்கும் வெல்டிங் தெரியாது, அதனாலதான் அந்த வழி. நானும் என் தம்பியும் சனி, ஞாயிறு ரெண்டு நாள்ல முடிச்சோம்.

ஏ.பி.எஸ். போகும், அதுல ஒளிக்க ஒண்ணுமில்ல. விளக்கு எரியும். சாதாரண பிரேக் முழுசா வேலை செய்யும், ஆனா பூட்டிக்காம காப்பாத்தற வேலை உங்க காலுக்கு வந்துடும். எங்களுக்குப் பனி இல்ல, அதனால நான் கவலைப்படல. உங்க இடத்துல இருந்தா ஆக்சிலை மாத்தறதுக்கு முன்னாடியே ஏ.பி.எஸ். ஃபியூஸைப் பிடுங்கிட்டு, முதல் பனி விழுந்ததும் காலி பார்க்கிங்ல ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்ப்பேன். அது ஒத்து வரலைன்னா ஃபியூஸைத் திரும்பப் போட்டுட்டு, அதே 35-க்கு பேரிங்கும் கிரௌன் பினியனும் மட்டும் போட்டு 31 டயரோட பொறுமையா ஓட்டலாம். அதுவும் நியாயமான முடிவுதான். எக்ஸ்ப்ளோரர் 8.8 போட்டாலும் அதோட சென்சார் உங்க ஜீப்போட பேசாது.

யார்டுல பணம் கொடுக்கறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க. 8.25-ல ரெண்டு விதம் உண்டு. 1996 நடுவரைக்கும் 27 பல், அதுக்கப்புறம் 29 பல். 1999 வண்டியோடதுன்னு அவங்க வாயால சொன்னா போதாது, கவரைக் கழட்டச் சொல்லிப் பல்லை எண்ணிப் பாருங்க. ரேஷியோவையும் நீங்களே பாருங்க. ஒரு சக்கரத்தை அசையாம பிடிச்சுக்கிட்டு இன்னொண்ணை ரெண்டு சுத்து சுத்தினா பினியன் எத்தனை சுத்து சுத்துதோ அதுதான் ரேஷியோ. மூணரைக்குக் கொஞ்சம் மேல வந்தா 3.55.

இன்னொண்ணையும் நேராச் சொல்லணும். 8.25-ல ஷாஃப்ட் ஒண்ணும் மலை மாதிரி தடிச்சது இல்ல, அதுலயும் சி-கிளிப்தான். லாபம் கிரௌன்லயும் குழாய்லயும்தான். கிரௌன் 8.25 இன்ச், குழாயும் தடிமன். 31-க்கு நிம்மதியா இருக்கலாம், 33-க்கு நான் அதை நம்ப மாட்டேன்.

கழட்டறப்போ ஷாக் அப்சார்பரோட கீழ் போல்ட்டை மட்டும் தொடுங்க. மேல் போல்ட்டுப் பக்கம் கையே வைக்காதீங்க! எக்ஸ்ஜேல அது துருப்பிடிச்சு மேல இருக்கிற நட்டோட ஒட்டிக்கிட்டு, தலை மட்டும் கையோட வந்துடும். யூ-போல்ட் புதுசு வாங்குங்க, பழசைத் திரும்பப் போடாதீங்க. புரொப்பல்லர் ஷாஃப்ட் நீளத்தைப் பழைய ஆக்சில்லயும் புது ஆக்சில்லயும் அளந்து பாருங்க. பினியன் முனை ரெண்டுலயும் ஒரே இடத்துல வராது. உங்களுக்கு 3 இன்ச் தூக்கல் வேற இருக்கு.


சிவப்புப்பாறை எழுதியது:

மேல சொன்னது அத்தனையும் சரி. பனியில ஏ.பி.எஸ். விஷயத்துல நான் யாருக்கும் தைரியம் சொல்ல மாட்டேன், அது உங்க காலும் உங்க வீட்டுல இருக்கிறவங்களும் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவு. நான் பத்து வருஷமா இல்லாமதான் ஓட்டறேன். ஆனா என் வண்டியில ஸ்கூல் பையன் இல்ல.


செரோக்கி_டென்வர் எழுதியது:

ஆறு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும்.

முதல்ல ஃபியூஸைப் பிடுங்கிட்டுப் பனியில ஓட்டினேன். ஸ்கூலுக்குப் பின்னாடி காலி பார்க்கிங், காலைல ஆறு மணி, நாலு இன்ச் பனி. முதல் பத்து தடவை சக்கரம் பூட்டிக்கிட்டு நேரா வழுக்கிட்டுப் போச்சு. முக்கால் மணி நேரத்துல பூட்டிக்கற நொடி பாதத்துல தெரிய ஆரம்பிச்சது. ரெண்டாம் நாள் மனைவி ஓட்டிப் பார்த்தா. அவளுக்கு என்னை விட சீக்கிரம் வந்துடுச்சு. கடும்பனி நாள்ல ஐ-70-க்கு அவளோட காரை எடுக்கறதுன்னு பேசி முடிவு பண்ணினோம். 33 டயரை விட்டுட்டேன். உங்க 3.04 கணக்கைப் பார்த்ததுமே பாதி ஆசை போயிடுச்சு, முன் ஆக்சிலுக்கும் சேர்த்துச் செலவை எழுதிப் பார்த்தப்போ மீதியும் போச்சு.

8.25-தான் வாங்கினேன். யார்டுல பையனையும் கூட்டிட்டுப் போயிருந்தேன். கவரைக் கழட்டி, பூட்டுப் போல்ட்டை எடுத்து, குறுக்குத் தண்டை உருவி, ஷாஃப்டை உள்ளே தள்ளினதும் சி-கிளிப் கையில விழுந்தது. ஒரு பல்லுல சாக்பீஸ் கோடு போட்டுட்டு அவன் எண்ணினான். 29. நம்பாம திருப்பி எண்ணினான், 29-தான். கிரௌன்ல ஒரு பல்லுகூட அடிபடல, ஆயில் தேன் நிறத்துல இருந்தது. 225 கேட்டதை 200-க்குக் கொடுத்தாங்க.

மாட்ட மூணு நாள் ஆச்சு. மேல் போல்ட்டைத் தொடல. கீழ் போல்ட்டுல ஒண்ணு அசையவே இல்ல, மூணு ராத்திரி துரு எண்ணெய் ஊத்தி ஊறவச்சு, கடைசியில வெட்டித்தான் எடுத்தேன். புரொப்பல்லர் ஷாஃப்ட் நீளம் ஒத்து வரல, அதை மட்டும் வெளியே கொடுத்து மாத்தினேன், 180 டாலர். யூ-போல்ட், புது சீல், பிரேக் ஷூ, ஆயில் எல்லாம் சேர்த்து மொத்தம் 640 டாலர்ல முடிஞ்சது. 70 மைல்ல போனாலும் ஊளை இல்ல. பையன் பின்சீட்ல பேசறது இப்பதான் எனக்குக் காதுல விழுது.

பட்டறைக்காரர் ஐயா, நீங்க சொன்னபடி ஒரு யுனிவர்சல் ஜாயின்ட்டும் கழட்டற சாமானும் பின்னாடி பெட்டியில கிடக்கு.

பழைய 35-ல டிரம், ஹேண்ட் பிரேக் கேபிள், ஏ.பி.எஸ். வளையத்தோட ரெண்டு ஷாஃப்ட் எல்லாம் நல்லா இருக்கு. டென்வர் பக்கம் யாருக்காவது வேணும்னா இங்கேயே சொல்லுங்க, காசு வேண்டாம். ஏப்ரல் வரைக்கும் ஷெட்டுல வச்சிருப்பேன்.